உங்கள் ஊர் துணை சுகாதார நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது?

சாதிக்கும் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். “அரசு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஒரே சீட்டு, ஒரே வரிசை, ஒரே மாத்திரை. அங்கன எங்க சாதி வருது?” என்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேரன்மகாதேவி, நாங்குநேரி பக்கத்து ஊர்களில்தான் என் வேலைக்காலம் முக்கால்வாசியும் போனது. நான் பார்த்த அளவில், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே சாதி தன் வேலையைப் பாதிக்கு மேல் முடித்துவிடுகிறது. நிலையத்தை எங்கே கட்டுவது, முகாமை எந்தக் கிழமை எங்கே வைப்பது, குழாயை எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிப்பது, யார் பெயர் எப்போது பதிவேட்டில் ஏறுகிறது என்பதையெல்லாம் முடிவு செய்யும்போது யாரும் யாரையும் ஏசுவதில்லை. ஆனால் அந்த முடிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு தெருவுக்கு ஆயுளைக் கூட்டுகின்றன, இன்னொரு தெருவுக்குக் குறைக்கின்றன.

எவ்வளவு குறைக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் இறந்துபோன மேல்சாதிப் பெண்களின் சராசரி வயது 54.1. தலித் பெண்களின் சராசரி வயது 39.5. இடைவெளி 14.6 ஆண்டுகள். ஒரு பெண் தன் மகளுடைய கல்யாணத்தைப் பார்ப்பாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிக்கிற இடைவெளி அது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில் துணை சுகாதார நிலையம் மேலத்தெருவில், கோயிலுக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் நடுவில் இருந்தது. இடம் தானமாகக் கொடுத்தவர் அந்தத் தெருப் பெரியவர். அந்தக் காலத்தில் அரசுக் கட்டடத்துக்குத் தானமாகக் கொடுக்க நிலம் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். நிறைய ஊர்களில் நிலையம் ஏன் அந்தப் பக்கமே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

செவிலியர் ஊரிலேயே தங்க வேண்டும். குவாட்டர்ஸ் கூரை பெயர்ந்து கிடந்ததால் வாடகை வீடு தேடினேன். “ஒங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்கள். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” என்றார்கள். அதையும் சொன்னேன். வீடு காலியில்லை என்றார்கள். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டாலே போதும், மற்றது தெரிந்துவிடும். கடைசியில் காலனியில் ஒரு ஆச்சி வீட்டில் முன்னறை கிடைத்தது. அங்கே குடியிருந்ததால்தான், நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியாமலே போயிருக்கக்கூடிய பல விஷயங்கள் எனக்குத் தெரிந்தன.

காலனிப் பெண்கள் நிலையத்துக்கு வருவதில்லை. சொட்டு மருந்து நாள் தவிர அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அதற்கு மேலதிகாரிகள் வைத்திருந்த காரணம், “அந்தத் தெருக்காரங்களுக்கு விழிப்புணர்வு இல்ல.” ஆண்டுக்கணக்காக இந்த வாக்கியத்தை ஆய்வுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்களிடமே கேட்டபோது வேறு காரணம் வந்தது. நிலையத்துக்குப் போக மேலத்தெருவை முழுக்கக் கடக்க வேண்டும். திண்ணையில் இருக்கிற ஆண்கள் எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள். இளவட்டங்கள் பின்னாலேயே கேலி பேசிக்கொண்டு வருவார்கள். முதல் பிள்ளை உண்டாகி, வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பத்தொன்பது வயசுப் பெண் அந்தத் தெரு வழியாக எப்படி நடப்பாள்? ஒருத்தி சொன்னாள்: “நர்சம்மா, எங்களுக்கு ஊசியப் பத்திப் பயமில்ல. அந்தத் தெருவப் பத்தித்தான் பயம்.”

சரி, இதற்கு என்ன செய்வது? கட்டடத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. என் கையில் இருந்தது பதிவேடு ஒன்றுதான். கர்ப்பிணிகள் பதிவேட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மற்றவர் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் நிரப்புவோம். ஆனால் நான் இருந்த எந்த ஆய்வுக் கூட்டத்திலும் அந்தக் கட்டத்தை வைத்துக் கூட்டிப் பார்த்ததே இல்லை. மொத்தம் எத்தனை, எத்தனை சதவீதம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டு, தடுப்பூசிக் கணக்கையும் கர்ப்பிணிக் கணக்கையும் தெருவாரியாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். ஊர் மொத்தத்துக்குத் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. எல்லோரும் பாராட்டிய ஊர் அது. தெருவாரியாகப் பிரித்தவுடன், விடுபட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் காலனியிலும், அதற்கு அப்பால் செங்கல் சூளைக்குப் போய்வருகிற குடும்பங்களிலும் இருந்தார்கள். மொத்தக் கணக்கில் அவர்கள் தெரியவே மாட்டார்கள். இன்றைக்கு இந்த வேலையில் இருக்கிற தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சதவீதத்தைத் தெருவாரியாகப் போட்டுப் பாருங்கள். பார்த்ததை மருத்துவ அலுவலரிடம் வாயால் சொல்லாதீர்கள், தாளில் கொடுங்கள். வாயால் சொன்னால் “விழிப்புணர்வு” என்று பதில் வரும். தாளைப் பார்த்துவிட்டால் அவர்களுக்கும் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

புதன்கிழமை தடுப்பூசியை ஒரு வாரம் நிலையத்திலும் அடுத்த வாரம் காலனி அங்கன்வாடியிலும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். காலனிப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அந்த வாரத்தில் மேலத்தெருக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. காலனிக்காரர்கள் நிலையத்துக்கு வராதபோது ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற யாரும், மேலத்தெருக்காரர்கள் அங்கன்வாடிக்கு வராதபோது அப்படிச் சொல்லவில்லை. நல்லவேளையாகப் பள்ளிக்கூடத்துக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். தலைமையாசிரியையிடம் பேசி முகாமைப் பள்ளி வராந்தாவுக்கு மாற்றினோம். பள்ளிக்கூடம் தங்களுக்கும் சொந்தம் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள். பொது இடம் என்று நாம் பெயர் வைத்திருக்கிற எல்லாமே எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்லை. யார் கால் கூசாமல் உள்ளே நுழைகிறது என்று பார்த்துத்தான் முகாம் வைக்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். நடவு சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் ஒரு நாள் கூலி போகும், கூடவே அடுத்த நாளைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுகிற பயமும் உண்டு. “ரத்தம் கம்மின்னா மாத்திரையக் கூடப் போட்டுக்கிடுதேன் நர்சம்மா. நாளைக்கு நடவு இருக்குல்லா” என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் முழுதாகக் கிடைக்க 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் மூன்று மாதமும் சூளையில் இருந்துவிட்டு வருகிறவள் பதிவு செய்வதற்குள் 12 வாரம் தாண்டிவிடும். ஆக, பணம் யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்குத்தான் குறைகிறது. காலை ஆறு மணிக்கு, பெண்கள் வயலுக்குக் கிளம்புமுன் காலனியில் ஒரு சுற்று வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நாள் தள்ளிப்போனதை எனக்கு முதலில் சொல்கிறவர்கள் மாமியார்களோ புருஷன்மார்களோ அல்ல, சேர்ந்து வேலைக்குப் போகிற சேக்காளிகள்தான். பீடி சுற்றும் பெண்களைச் சாயங்காலம் பிடிக்கலாம். பீடிக் கம்பெனி தருகிற பாஸ் ஒருத்தி பேரிலும் சுற்றுவது இன்னொருத்தியுமாக இருக்கிற வீடுகளைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பீடித் தொழிலாளர் நல மருந்தகத்துக்குப் போக அட்டை வேண்டும். புகையிலைத் தூள் சுற்றுகிறவள் நெஞ்சுக்குள் போகிறது, அட்டை அவளிடம் இல்லை.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊர்களில் குழாய் பெரும்பாலும் மேலத்தெருவில் தொடங்கிக் காலனியில் முடிந்தது. கடைசிக் குழாயில் வேகம் இருக்காது. அதனால் தரையில் குழி தோண்டி, குழாயை இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிப்பார்கள். மழை பெய்தால் சாக்கடை அந்தக் குழிக்குள்தான் போகும். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் வயிற்றுப்போக்கு அந்தத் தெருவில்தான் முதலில் வரும். குளோரின் பரிசோதனையைத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் செய்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கடைசிக் குழாயில் செய்யுங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பிள்ளைகள் கூட்டமாக நோயில் விழுந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்ததும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நடப்பதற்கு வருகிறேன். அங்கே பெரும்பாலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்ட மாட்டார்கள். தொடாமல் பார்ப்பார்கள். வயிற்றில் கைவைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில், எட்ட நின்று இரண்டு கேள்வி கேட்டுச் சீட்டு எழுதிவிடுவார்கள். மாத்திரையைக் கையில் வைக்காமல் மேலேயிருந்து போடுவார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆசார்யா செய்த ஆய்விலும் இதே விஷயங்கள் வந்திருக்கின்றன: தொடுவதைத் தவிர்ப்பது, குறைந்த நேரம் பார்ப்பது, மருந்து கொடுக்கும் விதம். 2010-ல் வந்த ஆய்வு அது. படித்தபோது, எங்கள் காலனிப் பெண்கள் சொன்னதை வேறு ஊர்ப் பெயர் போட்டு எழுதியது போல இருந்தது. தொடாமல் பார்த்தால் மனசு நோவது ஒரு பக்கம். வைத்தியமும் கெட்டுப்போகும். கர்ப்பிணியின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்காவிட்டால் அது தெரியாமலே போகும்.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே பிரசவத்தின்போதும் அதையொட்டியும் இறக்கிற கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அவள் சொன்னபோது முதலில் நம்பவில்லை. எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற நாடு அல்லவா. “அத்தை, வலிக்குதுன்னு சொன்னா நம்புறதுக்கே அவங்களுக்கு நேரமாகுது” என்றாள். அமெரிக்காவில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும்படியே வைத்திருந்தார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் நன்றாக இருப்பதாகக் காகிதத்தில் வரும், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும். 2021-ல்தான் அதை எடுத்தார்கள். சூத்திரத்தைப் பயன்படுத்திய எத்தனையோ டாக்டர்கள் நிறவெறி இல்லாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கணக்கு அவர்களுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பதிவேட்டையும் குழாயையும் நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு நேரடியாக உதவியது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி, கறுத்த தோலில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடலாம். 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைத் தவறவிட்டது, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. எங்கள் பகுதியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு தூய்மைப் பணியாளர், நல்ல கறுத்த மனிதர், மூச்சு வாங்குகிறது என்று ஒரு பரிசோதனை மையத்துக்குப் போனார். கருவி 95 காட்டியது. வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி என்னைக் கூப்பிட்டாள். போய் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. 108-ஐ வரவழைத்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ரத்தத்தை எடுத்துப் பார்த்து உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கருவி தப்பாகக் காட்டியதற்கு அவர் நிறம்தான் காரணமா, விரல் சில்லிட்டிருந்ததா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அவர் இல்லை.

அதனால் நம் ஆட்களின் தோலுக்கு ஏற்றபடி பார்க்கப் பழக வேண்டும். ஓய்வில் இருக்கிற வளர்ந்தவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டுவிட்டால், கருவி என்ன காட்டினாலும் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் வருகிற நீலம் இல்லை என்று உதட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். ரத்தசோகையை முகத்தில் தேடாதீர்கள். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள், உள்ளங்கையை விரிக்கச் சொல்லுங்கள். பிறந்த குழந்தை கறுப்பாக இருந்தால் மஞ்சள் காமாலை சுலபமாகத் தப்பிவிடும். வெளிச்சத்தில் வைத்து நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், கண் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தாலோ, பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ அந்த நிமிடமே கொண்டுபோக வேண்டும். தட்டம்மைத் தடிப்பு சிவப்பாக இருக்கும் என்று படித்திருப்போம். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். அதற்கும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

புகார் கொடுங்கள் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பிரசவ வார்டில் மோசமாக நடத்தப்பட்ட ஒரு பெண்ணிடம் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்றேன். அவள் குடும்பம் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தது. அவள் அம்மா என்னைப் பார்த்து, “மனு கொடுக்கப் போயித்தான நர்சம்மா ஆத்துல செத்தாவ” என்றார். 1999 ஜூலை 23. கூலிக்காகவும், ஜெயிலில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில், 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். அரசுக் கட்டடம் என்றாலே அந்த அம்மாவுக்கு அந்த நாள்தான். நம்பிக்கை இல்லாதவர்களிடம் நம்பிக்கை வையுங்கள் என்று சொல்வதில் பயனில்லை. கூடவே போக வேண்டும். நான் போனேன், காலனியிலிருந்து இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள்.

கூடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கர்ப்பிணி அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் எழுதிய பதிவேடுகளின் நகலை நோயாளி கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. பாகுபாடு இல்லாத சிகிச்சை நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த சாசனம் சொல்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரை மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழையவிடாமல் தடுப்பது, 2016-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. ஆஸ்பத்திரியில் நிற்கும்போதே உதவி வேண்டுமென்றால் அரசின் சுகாதார உதவி எண் 104. மனுவில் “மோசமாக நடத்தினார்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். தேதி, மணி, வார்டு, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர், செய்யாமல் விட்ட பரிசோதனை என்று எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தெருவாரிக் கணக்கை நான் கடைசியாகக் கொண்டுபோன இடம் கிராம சபை. ஓய்வு பெற்ற பிறகும் போகிறேன், ஊர்க்காரியாகப் பேச அங்கே எனக்கு உரிமை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எப்படியும் நடக்கும். சாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடியும். கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது, எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி விடுபட்டிருக்கிறது, அடுத்த முகாம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். காலனிக்குத் தனியாகக் குழாய் இழுக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் அப்படித்தான் தீர்மானம் போட வைத்தோம். முதல் தடவை பேச்சோடு போயிற்று, நோட்டில் எழுதவே இல்லை. அடுத்த கூட்டத்தில் பெண்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்து, எழுதி வாசித்துக் காட்டிய பிறகுதான் எழுந்தார்கள். நீங்கள் போனாலும் தீர்மானத்தை எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள், நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.